தானே கற்றலும் தனியே கற்றலும்

ஆசிரியரின் துணையின்றி அந்நிய மொழி ஒன்றைத் தானே கற்றுக்கொள்ளுதல் கூடுமோ என்னும் வினா இந்நாளில் நம் மாணாக்கரிடையே அடிக்கடி எழுகின்றது. அது பொழுதுபோக்கிற்காகக் கேட்கப்படும் வினா அன்று. எம் ஊராகிய குன்னூரிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும், செவிலியர் கல்வியை முடித்துக்கொண்டு ஜெர்மனி தேயத்திற்குச் செல்ல விழையும் இளைஞரும் நங்கையரும் உளர். அத்தேயத்து மருத்துவமனைகளிற் செவிலியராக ஏற்கப்படுவதற்கு, ஐரோப்பிய மன்றத்தார் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆறு மொழிப்படிகளுள் நான்காவதாகிய ‘பி-2’ என்னும் படியைப் பெரும்பாலும் எய்தியிருத்தல் வேண்டும். நல்ல வகுப்பிற் சேர்ந்து பயில்வதாயின் மலையிறங்கிக் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ செல்லவேண்டும். பச்சைத் தேயிலையின் விலையை நம்பி வாழும் குடும்பத்திற்கு வகுப்புக் கட்டணமும் விடுதிச் செலவும் சிறு சுமையல்ல. ஆகவே அவர்கள் கைப்பேசி ஒன்றையும் இரவல் வாங்கிய புத்தகம் ஒன்றையும் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே முயல்கின்றனர். சிலர் வெல்கின்றனர், பலர் நான்கைந்து திங்களில் விட்டுவிடுகின்றனர். விட்டவர்கள், “நமக்கு மொழி வராது” என்று தமக்குத் தாமே தீர்ப்பும் எழுதிக்கொள்கின்றனர். அத்தீர்ப்பை மறுத்து வழக்காடவே யாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

எமது வாதம் இது: இம்முயற்சியில் இறங்குவோர் இருவேறு செயல்களை ஒன்றென மயங்குகின்றனர். தானே கற்றல் ஒன்று. தனியே கற்றல் மற்றொன்று. இன்ன நூலை எடுப்போம், இத்தனை நாழிகை படிப்போம், ஐயம் வரின் இன்னாரைக் கேட்போம் என்று தன் கல்வியின் ஆட்சியைத் தானே ஏற்பது தானே கற்றல். அஃது ஊக்கமுடையார் எவர்க்கும் கைகூடும். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, பிறர் வாயொலி தன் செவியிற் படாமலும் தன் வாயொலி பிறர் செவியிற் படாமலும் கற்பது தனியே கற்றல். அவ்வாறு கற்று ஒரு மொழியைச் செவ்வையாகப் பேசினார் ஒருவரையும் யாம் கேள்விப்பட்டதில்லை. ‘தாமே கற்றார்’ என்று வரலாறு புகழும் பெரியோரை உற்றுநோக்கின், ஒவ்வொருவர் பக்கத்திலும் நாம் பெயர் மறந்துவிட்ட ஒருவர் அமர்ந்திருத்தலைக் காணலாம்.

சீகன்பால்கு ஐயரின் கதையை நம்மில் அறியாதார் இலர். 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் அவர் வந்திறங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. அஃதாவது நம்முள் முதுகலை மாணவர் ஒருவரின் வயது. தமிழ் கற்பிக்கும் அச்சுப் புத்தகம் ஒன்றும் அவர் கைக்கு எட்டவில்லை. அவர் செய்தது யாது? முதிய உபாத்தியாயர் ஒருவரை வேண்டி, அவரது திண்ணைப் பள்ளியையே தம் இல்லத்தில் நடத்தச் செய்து, சிறுவரோடு சிறுவராக அமர்ந்து, மணலில் விரலால் அகர ஆகாரம் எழுதினார். எழுத்து வந்ததாயினும் பொருள் விளங்கவில்லை. போர்த்துக்கீசும் டேனிஷும் ஜெர்மனும் அறிந்த அழகப்பன் என்னும் தமிழரைத் துணைக்கொண்டு பொருளறிந்தார். பின்னர்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்தார். ஒரே சுவடியைச் சலிப்பின்றிப் பன்முறை படித்தார். புதுச் சொல் ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார். 1708-ஆம் ஆண்டிலேயே தாம் திரட்டிய நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஒரு விளக்கப் பட்டியல் வரையும் அளவிற்கு முன்னேறினார். இரண்டே ஆண்டுகள்! நாம் அவரைப் போற்றுகின்றோம்; போற்றுதல் தகும். ஆனால் அந்த உபாத்தியாயரின் பெயரைச் சொல்வார் எவர்? அவரும் அழகப்பனும் இன்றேல் அந்த மணலெழுத்து மணலெழுத்தாகவே அழிந்திருக்கும்.

வீரமாமுனிவரைப் பற்றி நம் பாடநூல்கள் மிகுதியாகப் பேசுதலின் யாம் சுருங்கச் சொல்வோம். 1732-இல் அவர் முடித்த சதுரகராதியும், பிறநாட்டவர்க்கென இலத்தீனில் எழுதிய தமிழிலக்கணமும் அறிஞர் நன்கறிந்தவை. எமக்கு அவற்றினும் வியப்பளிப்பது பரமார்த்த குருவின் கதையே. புதிதாக வரும் குருமார் தமிழ் உரைநடை பழகும்பொருட்டு அவர் அக்கதையை இயற்றினார். மொழி பயில்வோனுக்கு முதலில் வேண்டுவது அறிவுரை அன்று, சிரிப்பே என்பதை அத்துறவி உணர்ந்திருந்தார். சிரித்த வாக்கியம் மறவாது. இக்காலத்து மொழிப் பாடநூல்களோ, “விமான நிலையம் எங்கே இருக்கின்றது?” என்று ஒரே வினாவைப் பத்துப் பக்கம் கேட்கின்றன. மேட்டுப்பாளையத்தைத் தாண்டாத மாணவன் அவ்வினாவைக் கேட்டு யாது செய்வான்?

இனி எம் மலைக்கு வருவோம். இத்துறையில் நீலகிரிக்குரிய இடம் பலர் அறியாதது. குன்னூருக்கு அணித்தாகிய கேத்தியில் பாசல் மிஷனார் 1846-இல் தம் நிலையத்தை அமைத்தனர். அம்மிஷனைச் சேர்ந்த மெட்ஸ் ஐயர் ஊர் ஊராக நடந்து, படுகர் ஹட்டிகளிலும் தோதவர் மந்துகளிலும் பேசிப் பேசியே அம்மக்களின் மொழிகளைப் பயின்றார். உதகையிற் பள்ளிக்கூடம் நடத்திய போப்பையர், திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கியவர் என்ற அளவில் நமக்குத் தெரிந்தவர். அவரே தோதவர் மொழிக்கு ஒரு சிற்றிலக்கணம் எழுதினார் என்பதும், அது 1873-இல் மார்ஷல் என்பார் தோதவரைப் பற்றி வெளியிட்ட நூலின் இறுதியிற் சேர்க்கப்பெற்றதென்பதும் அத்துணை தெரிந்தவையல்ல. இவ்விருவர்க்கும் பின் வந்தவர் எம்.பி. எமனோ. கனடா நாட்டிற் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் வடமொழியும் மொழியியலும் பயின்ற அவர், 1935 முதல் 1938 வரை இந்நாட்டில் தங்கி, அக்காலத்திற் பெரும்பகுதியை நீலகிரியிலேயே கழித்தார். கோத்தர் மொழிக்கு எழுத்து இல்லை. தோதவர் மொழிக்கும் இல்லை. நிறைவான அகராதியும் இல்லை. அவ்வாறாயின் அவர் எதனைக் கொண்டு கற்றார்?

கொல்லிமலைக் கோக்காலைச் சார்ந்த சுள்ளி என்னும் கோத்தரைக் கொண்டு கற்றார். சுள்ளி ஆங்கிலம் அறிந்தவர். கதை சொல்வதில் வல்லவர். அவர் தம் மொழியிற் கதைகளைச் சொல்லச் சொல்ல, எமனோ ஒலி ஒலியாகக் கேட்டுத் தம் குறியீடுகளால் எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டித் திருத்தம் பெற்றார். ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பொருள் கேட்டார். அவ்வாறு பெற்ற கதைகளே 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாகக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக வெளியீடாய் வந்த கோத்தர் உரைத்தொகுதி. தோதவர் பாடல்கள் 1971-இலும், அம்மொழியின் இலக்கணம் 1984-இலும் வெளிவந்தன. மூன்றாண்டுக் காலம் செவியால் ஈட்டியதை ஐம்பதாண்டுக் காலம் இருந்து செலவிட்டார் அம்மனிதர். நூற்றொரு வயது வாழ்ந்து 2005-இல் மறைந்தார். இதில் எம் உள்ளத்தைக் கவர்வது ஒன்றுண்டு. அவர் காலத்துச் சிறந்த மொழியியற் பயிற்சி முழுதும் அவரிடம் இருந்தது. இருந்தும் மலைச்சிற்றூர் ஒன்றன் கதைசொல்லியின் முன்னே நோட்டுப் புத்தகத்தோடு அமராமல் அவரால் ஒரு வாக்கியமும் பெற்றிருக்க முடியாது.

“இவர்களெல்லாம் அம்மொழி பேசும் நாட்டிற்கே சென்றவர்கள், ஜெர்மன் பேசுவாரைக் குன்னூர்ச் சந்தையில் எங்கே தேடுவது?” என்று நண்பர் கேட்பர். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக ஷ்லீமன் என்னும் வணிகரின் வரலாற்றைச் சொல்வோம். பிற்காலத்தில் திராய் நகரின் இடிபாடுகளை அகழ்ந்து புகழ்பெற்ற அவர், இளமையில் ஆம்ஸ்டர்டாம் நகரில் அற்ப ஊதியம் பெறும் எழுத்தராக இருந்தார். ஆங்கிலம் கற்க விரும்பி, ஞாயிறுதோறும் அங்கிருந்த ஆங்கிலத் திருச்சபைக்கு இருமுறை சென்று, பிரசங்கியார் கூறும் ஒவ்வொரு சொல்லையும் தமக்குள் மெல்லத் திருப்பிச் சொல்லிப் பழகினாராம். (நம் ஆலயங்களிற் பிரசங்க வேளையிற் சிலர் செய்யும் காரியத்தினும் இது மேலானதென்பதில் ஐயமில்லை.) கோல்ட்ஸ்மித்தின் கதையையும் ஸ்காட்டின் கதையையும் முழுதும் நெட்டுருச் செய்தார். 1844-இல் ரஷ்ய மொழியைத் தொடங்கியபோது கற்பிப்பார் ஒருவரும் அந்நகரில் அகப்படவில்லை. பழைய இலக்கணம் ஒன்று, அகராதி ஒன்று, ரஷ்யத்தில் மொழிபெயர்க்கப்பட்ட பிரெஞ்சுக் கதை ஒன்று, இவையே அவர் உடைமை. ஆயினும் தனியே படிக்க அவர் உடன்படவில்லை. ஏழை ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, மாலைதோறும் இரண்டு மணி நேரம் தம்முன் அமர்த்தி, நெட்டுருச் செய்தவற்றையெல்லாம் ஒப்புவித்தார். அந்த ஏழைக்கு ரஷ்யத்தில் ஓர் எழுத்தும் தெரியாது! ஷ்லீமன் கத்திய கத்தலைத் தாங்கமாட்டாமல் உடன்குடியிருந்தோர் முறையிட, அவர் இருமுறை வீடு மாறவும் நேர்ந்தது. ஆறு வாரத்தில் ரஷ்ய மொழியில் முதற் கடிதம் எழுதினார்.

மொழி தெரியாத ஒருவர் கேட்பதால் யாது பயன் என நகைப்பவர் இதனை ஒருநாள் செய்து பார்ப்பாராக. எதிரே ஒரு முகம் இருக்கும்போது நாம் வாக்கியத்தை முடித்தே தீரவேண்டும். அறையில் தனித்திருக்கும்போதோ, பாதி வாக்கியத்திலேயே மனம் ‘தெரியும், தெரியும்’ என்று தாண்டிப்போய்விடும். எம்மொடு ஜெர்மன் தொடங்கிய தோழியர் இருவர், மாலையில் சிம்ஸ் பூங்கா வரை நடந்து செல்கையில் ஒருவர் அன்றைய நிகழ்ச்சியை ஜெர்மனிற் சொல்வதும், மற்றவர் தமக்குப் புரிந்ததைத் தமிழிற் சொல்வதுமாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். முதல் வாரம் முழுதும் “இன்று மழை” என்பதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. குன்னூரில் மழைக்குப் பஞ்சமில்லையாதலின் வாக்கியம் பொய்யாகவும் இல்லை. இப்பொழுது அவர்கள் வழக்கே இடுகின்றனர்.

கருவிகளைப் பற்றியும் கூறவேண்டும். அவை வேண்டா என்பது எம் கொள்கை அன்று. எப்பிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து தம்மையே சோதித்து, 1885-இல் ஓர் உண்மையை வெளியிட்டார்: கற்றதை மறத்தல் முதற் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும் விரைந்து நிகழ்கின்றது, பின்னர் மெதுவாகின்றது. ஆதலின் ஒரு சொல்லை ஒரே நாளில் நூறுமுறை உருப்போடுவதினும், நாளைக்கும், மூன்று நாள் கழித்தும், பத்து நாள் கழித்தும், திங்கள் கழித்தும் ஒவ்வொருமுறை நினைவுகூர்தல் நன்று. 1970-களில் லைட்னர் என்பார் இதனையொட்டி அட்டைப் பெட்டி முறை ஒன்றைப் பரப்பினார். பெட்டியில் ஐந்து அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு ஏறும், தவறிய அட்டை முதல் அறைக்கே இறங்கும். 2006-இல் வெளியான ‘ஆங்கி’ என்னும் கணினி நிரல் அம்முறையைத் தானே கணக்கிட்டுத் தருகின்றது. கணினியிற் காசின்றிக் கிடைக்கின்றது. மறதியை எதிர்க்க இதனினும் நல்ல கருவியை யாம் கண்டிலோம்.

ஆயினும் ஒரு நிபந்தனை. அட்டையிலுள்ள சொல் நாமே தேடியெடுத்த சொல்லாக இருத்தல்வேண்டும். ஆயிரம் சொற்கள் அடங்கிய பட்டியலைப் பிறர் ஆக்கித் தர, அதனைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்வார் மிகப் பலர். அச்சொற்கள் அயலார் வீட்டு விருந்தினரைப் போல வந்து, முகம் காட்டாமற் போய்விடுகின்றன. எந்த வாக்கியத்தில் அச்சொல்லைக் கண்டோம், யார் வாயிற் கேட்டோம், அப்பொழுது எதனால் தடுமாறினோம் என்னும் நினைவுகளே ஒரு சொல்லை உள்ளத்திற் பிணிக்கும் கயிறுகள். அகராதி வாங்குதல் எளிது. நாலணா நோட்டில் தனக்கென்று ஓர் அகராதியைத் தானே ஆக்குதலே கல்வி. சீகன்பால்கும் மெட்ஸும் எமனோவும் செய்தது அதுவேயன்றோ?

இப்பொழுது இயந்திரமே உரையாடும் காலமாயிற்று. எந்நேரமும் சலியாமற் பேசுகின்றது, பிழை திருத்துகின்றது, பணம் மிகுதியாகக் கேட்பதுமில்லை. கூச்சம் மிக்க மாணவனுக்கு அது பேருதவி, யாமும் பயன்படுத்துகின்றோம். அதனிடம் ஒரே குறை கண்டோம்: அது மிகவும் நல்லது. நாம் எவ்வளவு சிதைத்துப் பேசினும் கருத்தை ஊகித்து விடை தருகின்றது. மருத்துவமனையில் நோயினால் வருந்தும் எண்பது வயது முதியவள், தன் ஊர் வழக்கில், பற்களின்றிப் பேசுவாள். செவிலிப்பெண் சொன்னது விளங்காவிடின் முகத்தைச் சுளிப்பாள். அம்முகச்சுளிப்பைத் தாங்கும் பயிற்சி மனிதரிடமே கிடைக்கும். இயந்திரத்தோடு பேசுதலைத் துடுப்புப் பழகுதல் என்று வைத்துக்கொண்டாலும், ஆற்றில் ஒருநாள் இறங்கத்தானே வேண்டும்?

தமிழ் மாணவராகிய நாம் பிறரினும் ஒரு கருவியை மிகுதியாக உடையோம். அதனை அறியாதிருப்பதே வியப்பு. அது நம் இலக்கணம். ஜெர்மன் நூல்கள் ஏறக்குறைய எல்லாம் நமக்கு ஆங்கிலத்தின் வாயிலாகவே கிடைக்கின்றன. தமிழ்வழியிற் பயின்ற மாணவன் ஆங்கிலம் என்னும் முதற் சுவரைத் தாண்டி, அப்பால் ஜெர்மன் என்னும் இரண்டாம் சுவரைத் தாண்ட வேண்டியவனாகின்றான். ஆனால் ஆங்கிலேயன் கண்டு அஞ்சும் இடங்கள் பல தமிழனுக்கு அச்சம் தருவனவல்ல. ‘வேற்றுமை’ என்றால் யாதென்பதை ஆங்கில மாணவனுக்கு ஒரு வாரம் விளக்கவேண்டும். நமக்கோ எட்டு வேற்றுமை பள்ளியிலேயே பாடம். ஜெர்மனில் நான்குதான் உள. நாம் பெயரின் ஈற்றில் உருபு சேர்ப்பதை அவர்கள் பெரும்பாலும் பெயரின் முன்னிற்கும் அடைச்சொல்லை மாற்றிக் காட்டுவர், அவ்வளவே. ‘நான் வீட்டிற்குச் சென்றதனால்’ என்று வினை இறுதியில் நிற்கும் தொடரைக் கண்டு ஆங்கிலேயன் தலைகீழாயிற்றென்பான். ஜெர்மன் சார்பு வாக்கியங்களிலும் வினை இறுதியிலேதான் நிற்கும். நமக்கு அது வீடு திரும்பியதுபோல் இருக்கின்றது.

பால் பாகுபாட்டில் மட்டும் நாமும் இடறுவோம். உயர்திணை அஃறிணை எனப் பொருளை நோக்கி வகுத்த தமிழ் மரபிற் பழகிய எமக்கு, ஜெர்மானியர் செய்திருக்கும் பகுப்பைக் கண்டபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. உண்ணும் மேசையில் கரண்டி ஆண்பால், முட்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமல்லாத பால். ஞாயிறு பெண், திங்கள் ஆண். சிறுமி என்னும் பொருள்படும் சொல்லோ கத்தியோடு சேர்ந்து இரண்டுமல்லாத பாலில் நிற்கின்றது! தொல்காப்பியனார் கண்டால் யாது சொல்வாரோ அறியோம். காரணம் தேடி வருந்தாமல், பெயரையும் அதன் முன்னிற்கும் பாற்சொல்லையும் ஒரே சொல்லாக எண்ணி மனனம் செய்தலே வழி. சிலர் மூன்று நிற மையால் எழுதுகின்றனர், அதுவும் நன்றே.

ஒலி ஒப்புமை மற்றொரு கருவி. ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரு தாய் வயிற்று மக்களாதலின், ஆங்கிலத்தில் டகரம் நின்ற பல இடங்களில் ஜெர்மனில் ஸகரம் நிற்கும். ‘வாட்டர்’ அங்கே ‘வாஸர்’. ‘ஸ்ட்ரீட்’ அங்கே ‘ஷ்ட்ராஸ’. ‘ஈட்’ அங்கே ‘எஸ்ஸன்’. யாகோப் கிரிம் என்னும் பேரறிஞர் 1822-இல் இத்தகைய ஒலி நெறிகளை ஒழுங்குபடுத்திக் காட்டினார். தென்மொழிகளுக்கு அத்தகைய பணியைக் கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திற் செய்தார். ஒரு நெறியை அறிந்தவனுக்கு நூறு சொற்கள் விலையின்றி வருகின்றன.

எழுத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மேலே யாம் ஜெர்மன் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதியது இம்மலரின் வசதிக்காக. கற்போர் தம் நோட்டில் அவ்வாறு எழுதுதல் கூடாது. 1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு ஞானோபதேச நூல் அச்சாயிற்று. அதில் தமிழ் முழுதும் உரோமன் எழுத்திலேயே உள்ளது. தமிழ்ச் சொற்களோடு போர்த்துக்கீசுப் பொருளும் இயைத்து அச்சிடப்பட்டிருக்கின்றது. மொழி பயிற்றும் முறையில் அது நல்ல உத்திதான். ஆனால் ளகர ழகரமும் ணகர னகரமும் வேறுபாடு தோன்றாமல் மயங்கிக் கிடக்கும் அப்பக்கங்களைக் காணும் தமிழர் தம் தாய்மொழிதானா இது என்று திகைத்தல் கூடும். நாம் ஜெர்மனைத் தமிழெழுத்தில் எழுதிப் படிக்கும்போதும் அவர்கள் மொழிக்கு அக்கதியே நேர்கின்றது. முதல் ஒரு திங்கள் எழுத்தையே விட்டுச் செவிக்கு இடம் கொடுத்தல் சாலச் சிறந்தது. ஜெர்மானியர் தம் வானொலிச் செய்தியை மொழி பயில்வோர்க்கென மெதுவாக வாசித்து இணையத்தில் வழங்குகின்றனர். ஷ்லீமன் கோயிலிற் செய்ததை நாம் அச்செய்தியைக் கேட்டுக்கொண்டு செய்யலாம். பின்னர் வாசிக்கத் தொடங்கும்போது முன்பே நன்கறிந்த நூலை எடுக்கவேண்டும். கிறிஸ்தவ மாணவனுக்கு நல்ல சமாரியன் கதையில் அடுத்து வருவது யாதென்பது அகராதியின்றியே தெரியும். திருக்குறளை விரும்புவோர்க்குக் கார்ல் கிரவுல் 1856-இல் வெளியிட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்பு இருக்கின்றது. நடை பழையதாதலின் அது தேர்ந்தோர்க்கே ஏற்கும்.

செவியாற் கற்றலுக்குச் சான்று தேடி ஐரோப்பாவிற்குப் போகவேண்டுவதில்லை. ஜார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலங்களினின்று வந்து எம் மலைத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்டிரை நோக்குக. அவர்களிடம் இலக்கண நூல் இல்லை, செயலி இல்லை, தேர்வும் இல்லை. வந்த ஓராண்டிற்குள் மேஸ்திரியிடம் எடையைக் குறித்து வாதாடுகின்றனர்; கடையில் விலை குறைக்கச் சொல்கின்றனர்; அவர் தம் பிள்ளைகளோ நம் பிள்ளைகளினும் வேகமாகத் தமிழ் பேசுகின்றனர். அவர் பேச்சில் விகுதி பிழைக்கலாம். பிழைக்கட்டும், வேலை நடக்கின்றது. பத்தாண்டு ஆங்கிலம் பயின்றும் ஓர் அயலாரைக் கண்டால் வாயடைத்து நிற்கும் பட்டதாரியையும் அப்பெண்ணையும் அருகருகே நிறுத்தி, மொழி கற்றவர் யார் என்று கேட்டால், யாம் அப்பெண்ணையே காட்டுவோம்.

இவற்றையெல்லாம் எண்ணியே, நண்பர் சிலர் நகைத்த ஒரு கருத்தை யாம் ஈண்டு வெளியிடத் துணிகின்றோம். நீலகிரியில் வாழும் தமிழ் மாணவன் ஜெர்மனோ ஜப்பானியமோ தொடங்குமுன், ஆறு திங்கள் படுகர் மொழியைக் கற்க வேண்டும்.

காரணம் கூறுவோம். மொழி கற்கும் கருவிகளைக் கையாளுதலும் ஒரு தொழில். எவ்வாறு கேட்பது, எவ்வாறு குறிப்பது, விளங்காதபோது எவ்வாறு மீண்டும் கேட்பது, நகைத்தால் எவ்வாறு பொறுப்பது என்பவற்றை முதன்முதலில் கடினமான மொழியிலேயே பழகப் புகுவோன் இரண்டு பாரங்களை ஒருங்கே சுமக்கின்றான். படுகு மொழியோ நமக்கு இனமானது. பேசுவோர் வகுப்பில் நம் பக்கத்து இருக்கையிலேயே இருக்கின்றனர். தமிழில் பகரம் முதலாகிய சொற்கள் பல அம்மொழியில் ஹகரம் முதலாகின்றன: பால் ‘ஹாலு’, பத்து ‘ஹத்து’, பட்டி ‘ஹட்டி’. எம் ஊரினின்று பார்த்தால் தெரியும் ஹுலிக்கல் துர்க்கத்தைப் பலகாலும் நோக்கியிருக்கின்றோம். அந்த ‘ஹுலி’ நம் புலியே என்பதை இந்நெறி அறிந்தபின் எவரும் மறவார். வகரம் பகரமாதலும் அவ்வாறே. ‘வடக்கு’ என்பதன் உறவாகிய சொல்லே அம்மக்களின் பெயராய் நிற்கின்றது, வடக்கினின்று வந்தோர் என்னும் பொருளில். இத்துணை எளிதென்று எண்ணி அசட்டையாகவும் இருத்தல் ஆகாது. அம்மொழியின் உயிரொலிகளில் நாக்கை வளைத்து ஒலிக்கும் நுட்பங்கள் உண்டென்பதைப் பற்றி மட்டுமே எமனோ 1939-இல் ஒரு தனிக்கட்டுரை எழுதினார். எவ்வெழுத்திலும் அடங்காத அவ்வொலிகளைப் பிடிக்க முயல்பவனின் செவி, பின்னர் ஜெர்மானியரின் வளைந்த உயிரொலிகளைக் கண்டு அஞ்சாது.

இன்னொன்றும் உண்டு, அதனைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. எம் மலையிற் படுகர் தமிழ் பேசுகின்றனர். மூன்று தலைமுறையாக அம்மலையில் வாழும் தமிழரோ பலர் படுகு மொழியில் ஒரு நலம் விசாரிக்கவும் அறியார். கேட்டால், “அவர்களுக்குத்தான் தமிழ் தெரியுமே” என்பர். இதே விடையைத்தான் ஒருகாலத்து ஆங்கிலத் துரைமார், “நம் பட்லருக்கு ஆங்கிலம் தெரியுமே” என்று தமிழைக் குறித்துச் சொல்லியிருப்பர். பிறர் நம் மொழிக்கு வரட்டும், நாம் அசையோம் என்றிருப்பவன் பல்லாயிரம் கல் கடந்து சென்று அயலாரின் மொழியிற் பணிசெய்ய எண்ணுவது பொருந்துமோ?

இதனைக் கலாசாலையின் முன் ஒரு விண்ணப்பமாகவே வைக்கின்றோம். ஹாக்கிங்ஸ் என்பாரும் பிலோ-ரைச்சூர் அம்மையாரும் தொகுத்து 1992-இல் வெளியிட்ட படுகு-ஆங்கில அகராதி அச்சில் உள்ளது; விலை மிக்க நூலாதலின் மாணவர் எவரும் தாமே வாங்குதல் அரிது. நம் நூல்நிலையத்தார் அதில் ஒரு படி தருவித்தளித்தல் வேண்டும். சனிக்கிழமைதோறும் முற்பகலில் ஒரு மணி நேரம் நூல்நிலையத்தின் பின்னுள்ள சிற்றறையைத் திறந்துவிடுதலும் வேண்டும். ஆசிரியர் எவரும் வரவேண்டுவதில்லை. படுக நண்பர் ஒருவர் அமர்ந்து தம் பாட்டியிடம் கேட்ட கதை ஒன்றைச் சொல்வார். மற்றையோர் நோட்டுடன் கேட்பர். அடுத்த மணியில் ஜெர்மன் பயில்வோர் அதே அறையில் ஒருவர்க்கொருவர் ஒப்புவிப்பர். பேரொலி எழுந்து அயலறையில் வாசிப்போர் முறையிடின், ஷ்லீமனைப் போல யாமும் இடம் மாறிக்கொள்வோம். தேநீர்ச் செலவு எங்களுடையது.